ராமசாமிக்கும் ரத்தினத்துக்கும் நடுவே

இஸ்மாயில் போனில் பேசாமல் இருந்தது அன்றுதான் முதல் தடவை. பெரிய கடைவீதியில் அத்தர் கடை வைத்திருக்கும் என் கல்லூரித் தோழன் அவன். நான் ஹலோ சொல்வதற்குள் பாதிக் கதையை முடித்துவிடுகிறவன். அன்று காலை மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னான்: "செலின் மேடம் போயிட்டாங்கடா. தூக்கத்துலயே."

பழைய மாணவர்களான உங்களில் பெரும்பாலோர் அவரை அறிவீர்கள். எங்கள் காலத்தில் கல்லூரியாக இருந்து இப்போது பல்கலைக்கழகமாகிவிட்ட அந்தக் கத்தோலிக்க நிறுவனத்துக்கு நிதி திரட்டுவதும், பழைய மாணவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்து வைப்பதும் அவர் பொறுப்பு. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருப்பார். விடுதிக்கு வழியில்லாத பிள்ளைகளுக்காக உங்களிடம் கேட்டும் இருப்பார். என்னைத்தான் உங்களில் பலருக்குத் தெரியாது. அதற்குக் காரணம் உண்டு.

லால்குடிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தேன். இரண்டாம் ஆண்டில் சோற்றில் புழு கிடந்ததற்காக நாங்கள் சில பேர் மெஸ்ஸுக்குள் போகாமல் வாசலில் உட்கார்ந்தோம். மற்றவர்கள் மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினார்கள். நான் கொடுக்கவில்லை. சோறு போட்டவர்கள் முதலில் மன்னிப்புக் கேட்கட்டும் என்றேன். கல்லூரிப் பதிவேட்டிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் கலாசியாக, ரயில்வேயின் கடைநிலைத் தொழிலாளியாகச் சேர்ந்தேன். படிக்க வேண்டியதை நூலகத்தில் நானே படித்துக்கொண்டேன். சில புத்தகங்கள் எழுதிய பிறகு அதே நிறுவனம் என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டது. விருந்தாளியாக வரமாட்டேன், மாணவனாகக் கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பதில் இல்லை.

பதிலாக வந்தவர் செலின் மேடம்தான். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மாடிப்படியை மூச்சு வாங்க ஏறி வந்தார். அவர் உட்காருவதற்கு முன்பே, பணம் கேட்கத்தானே வந்தீர்கள் என்றேன்.

"ஆமா சார். ஆனா இன்னிக்கு இல்ல. இன்னிக்கு நீங்க திட்டறதைக் கேக்க வந்திருக்கேன்."

திட்டினேன். காபி ஆறி ஆடை படியும்வரை கேட்டார். நிறுவனத்துக்காக ஒரு வார்த்தை வாதாடவில்லை. கிளம்பும்போது, "புழு எந்தப் பந்தியில சார் வந்துச்சு, காலையிலயா ராத்திரியா?" என்று கேட்டார். அத்தனை வருடத்தில் அதை என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான். பணம் கேட்க வேறொரு நாள் வருவது போலச் சொன்னார் அல்லவா? அந்த நாள் கடைசிவரை வரவில்லை.

பழைய மாணவர் கூட்டத்தில் அவர் கொண்டுவந்த வழக்கத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேச்சுக்கும் பொன்னாடைக்கும் முன்னால் மூத்த வகுப்புகளுக்கு அட்டெண்டன்ஸ் எடுப்பார். இருப்பவர் எழுந்து "பிரசன்ட் மேடம்" என்பார். இறந்தவருக்கு வகுப்புத் தோழன் ப்ராக்ஸி கொடுக்க வேண்டும். சினிமாவுக்குப் போனவனுக்காக அந்தக் காலத்தில் குரலை மாற்றிக் கொடுத்தோமே, அதே ப்ராக்ஸி. எங்கள் வகுப்புக்கு இஸ்மாயில்தான். ராமசாமிக்குக் கட்டைக் குரல், ரத்தினத்துக்குக் கீச்சுக் குரல். அரங்கம் சிரிக்கும். சிரித்து முடித்தபின் கொஞ்ச நேரம் யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள்.

பெரிய கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர், ஓர் அரங்கமே கட்டித் தருகிறேன், என் பெயரை எல்லோருக்கும் முதலில் கூப்பிடுங்கள் என்று கேட்டாராம். "கிளாஸ்ல எந்தப் பெஞ்சும் விலைக்கு இல்ல சார்" என்று மேடம் சொல்லி அனுப்பிவிட்டார். நிர்வாகம் அவர்மேல் கோபப்பட்டது. அடுத்த கூட்டத்தில் ஒப்பந்தக்காரர் வந்து, தன் வரிசை வரும்வரை பள்ளிப் பையனைப் போலக் காத்திருந்து "பிரசன்ட்" சொன்னதை இஸ்மாயில் பார்த்திருக்கிறான். அரங்கம் பிறகுதான் வந்தது.

என் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்கவும் மேடம் போராடினார். நீக்கப்பட்டவர் ஒரு வேண்டுகோள் எழுதித் தந்தால் பரிசீலிக்கலாம் என்று நிர்வாகக் குழு சொன்னது. எழுத மாட்டேன் என்றேன். எழுதுங்கள் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அந்த ஆண்டுக் கூட்டம் முடிந்து இஸ்மாயில் நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"ரங்கநாதா, உன் இடத்துல மேடம் நிறுத்துறாங்கடா. ராமசாமியைக் கூப்பிட்டுட்டு, ஒரு மூச்சு சும்மா இருந்துட்டுத்தான் ரத்தினத்தைக் கூப்பிடுறாங்க. தொண்டை கட்டிடுச்சுன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டாங்க."

அவரிடமே கேட்டேன். "பேரைக் கூப்பிட எனக்கு அதிகாரம் இல்ல சார். பேசாம இருக்கறதுக்கு யார்கிட்ட அனுமதி வாங்கணும்?" என்றார்.

அதற்கடுத்த ஆண்டு போனேன். உள்ளே போகவில்லை; அரங்கத்தின் வெளி வராந்தாவில் தூண் ஓரமாக நின்றேன். ராமசாமி என்றார். கட்டைக் குரல். சிரிப்பு. பிறகு அந்த மௌனம். நான் பதில் சொல்லவில்லை. கூப்பிடாத பெயருக்குப் பதில் சொல்வது என் வழக்கம் அல்ல. அதில் எனக்கு இன்றும் வருத்தம் கிடையாது. ஆனால் அந்த மௌனம் என் பின்னாலேயே ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டது. ரயில் நிலையத்தில் ஓர் அறிவிப்பு முடிந்து அடுத்தது தொடங்குமுன் அது வருகிறது. காவிரிப் பாலத்தில் நெரிசலில் டவுன் பஸ் என்ஜினை அணைக்கும்போது வருகிறது. யாரோ என் பக்கமாக முகம் திருப்பிக் காத்திருப்பது போல இருக்கிறது.

மேடம் கடைசியாக என் வீட்டுக்கு வந்தபோது கேலியாகக் கேட்டேன்: இஸ்மாயிலும் போய்விட்டால் எங்களுக்கெல்லாம் யார் ப்ராக்ஸி? "நான் இருக்கேனே சார். உங்களவிட எவ்வளவு சின்னவ நான்" என்றார். படி இறங்கும்போது தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்: "நான் இங்க படிச்சவ இல்ல. என்னை எந்த வகுப்புலயும் கூப்பிட மாட்டாங்க. அதனால எனக்கு ஆப்சென்ட்டும் கிடையாது."

போன வாரம் இரங்கல் கூட்டம். எழுத்தாளர் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மறுத்துவிட்டு, கடைசி வரிசையில் இஸ்மாயில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேடம் நினைவாக அட்டெண்டன்ஸ் எடுக்கலாம் என்று இளம் பாதிரியார் ஒருவர் எழுந்தார். நல்ல பிள்ளை, ஆனால் வேகமாக வாசித்தார். ராமசாமி என்றார். இஸ்மாயில் கட்டைக் குரலில் பதில் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. பாதிரியாரின் உதடு அடுத்த பெயருக்குத் திறந்துவிட்டது. நிறுத்தப் போவதில்லை என்று தெரிந்தது.

நான் எழுந்து "பிரசன்ட்" என்றேன்.

அரங்கம் திரும்பியது. "யாருங்க ஐயா? இன்னும் பேரே கூப்பிடலியே" என்றார் பாதிரியார்.

"செலின் மேடத்துக்கு ப்ராக்ஸி, ஃபாதர்."

அவர் கையிலிருந்த தாளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக ரத்தினம் என்றார். இஸ்மாயிலுக்குக் கீச்சுக் குரல் வரவில்லை.

வேண்டுகோள் கடிதத்தை நான் இன்னும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இரண்டு பெயர்களுக்கு நடுவே உள்ள அந்த ஒரு மூச்சுதான். முன்பு அதில் நான் தனியாக இருந்தேன். இப்போது இருவர் இருக்கிறோம். இனி வாசிக்கப் போகிறவர் யாராக இருந்தாலும், ராமசாமிக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டாலும் நான் எழுந்து நிற்பேன்.