முருகன் கூப்பிடவில்லை

என் அப்பா பழனிப் படியில் காவடியோடு சரிந்து இறந்தார். பின்பு சித்தப்பாவும் அப்படியே போனார். "முருகன் கூப்பிட்டுக்கிட்டான்" என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். வட்டக்கானல் மலையில் நான் வேலை பார்க்கும் விடுதியின் ஏற்றத்தில் எனக்கும் நெஞ்சு அடைக்கத் தொடங்கியது.

மதுரையில், பரம்பரையாக இதயத்தசை தடிக்கும் நோயை ஆராயும் டாக்டரம்மா ஸ்கேனைக் காட்டினார்.

"பெரிய குழாயில அடைப்பே இல்லம்மா. தடிச்ச தசைக்குள்ள ஓடுற பொடிக் குழாய்ல ரத்தம் பத்தல. ஏன்னுதான் ஆராய்ச்சி பண்றோம். உங்கப்பாவுக்கும் இதுவா இருக்கலாம்."

அந்த ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டு வீடு திரும்பினேன். விஷயத்தைச் சொன்னதும் பெரியப்பா கொதித்தார்.

"சாமி காரியத்த சீக்குங்கிறியா? வெளிய தெரிஞ்சா நம்ம பொண்ணுகள யாரு கட்டுவா?"

"உசுரோட இருந்தாத்தான பெரியப்பா கட்டிக் குடுக்க முடியும்? நாளைக்கு வெள்ளனே எல்லாரும் கெளம்புங்க. டெஸ்ட் எடுக்கணும்."

அவர் வரவில்லை. அவர் மகள்கள் வந்தார்கள்.

இந்தத் தைப்பூசத்துக்கு, எங்கள் வீட்டில் யாரும் ஏறியிராத வின்ச் ரயிலில் ஏறிப் பழனி மலைக்குப் போனேன். சன்னதியில் கைகூப்பி, முருகன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"நீ கூப்பிடல. நானாத்தான் வந்திருக்கேன். திரும்பியும் போவேன்."