பாலைவனத்தில் ஒரு தண்ணீர்ப்பந்தல்

நடுப்பகல். லொறிக்காரன் எங்களை சிலி நாட்டின் இந்த அட்டகாமாப் பாலைவனத்தில் இறக்கிவிட்டுப் போய் மூன்று மணி நேரமாகிறது. வேறு வாகனம் வரவில்லை, தண்ணீரும் முடிந்துவிட்டது. சிவாவும் நானும் டொரொன்டோவில், பார்க்டேலில் ஒரே அறையில் இருப்பவர்கள். குளிரைத் திட்டித் திட்டி விடுமுறைக்கு இங்கே வந்த எங்களுக்கு இந்த வெயில் வேண்டும்தான்.

தெருவோரம் முழங்கால் உயரத்தில் ஒரு மரக்கூடு. அதைச் சுற்றி நிறையத் தண்ணீர்ப் போத்தல்கள்.

"மச்சான், இஞ்சையும் தண்ணீர்ப்பந்தல் வைச்சிருக்கிறாங்களடா!"

சிவா ஒரு போத்தலை எடுத்து அண்ணாந்து குடித்து முடிக்கிறான். அப்போதுதான் கூட்டுக்குள் இருக்கும் சிலுவையைக் காண்கிறேன். அதில் மனுவேல் என்று எழுதியிருக்கிறது.

"டேய், உது செத்தவனுக்கு வைச்ச தண்ணியடா."

திரும்பினால் ஒரு பெண் நிற்கிறாள், கையில் நிறைந்த போத்தலோடு. இந்த வெட்டவெளியில் அவள் வந்ததை நாங்கள் இருவருமே காணவில்லை. டொரொன்டோ உணவகத்தில் என்னோடு கோப்பை கழுவும் சிலிக்காரனிடம் பழகிய ஸ்பானிஷில் மன்னிப்புக் கேட்கிறேன்.

"என் மகன் இங்கேதான் தண்ணீரில்லாமல் செத்தான்" என்கிறாள். குரலில் கோபமில்லை. தன் போத்தலைத் திறந்து சிவாவிடம் நீட்டுகிறாள்.

சிவா என்னைப் பார்த்தபடியே குடிக்கிறான். அவள் அவன் தலையைத் தடவுகிறாள்.

"மெதுவாகக் குடி, மனுவேல்."