மச்சானுக்கு ஒரு எச்சரிக்கை

மனநல ஆலோசகரின் வேலை காதைத் திறந்து வாயை மூடிக்கொள்வது. யார் உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் வாயைத் திறக்கலாம் என்கிறது சட்டம். எந்தக் 'கொன்னுடுவேன்' நிஜம் என்று கண்டுபிடிக்கத்தான் சட்டத்தில் வழி இல்லை. பிறர் ரகசியத்தைச் சுமந்து தூக்கம் கெட்ட சக சுமைதாரர்களே, என் கதையையும் கேளுங்கள்.

வஞ்சிரம்

திருவொற்றியூரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ராயபுரத்தில் மீன் விற்கும் பிலோமினா அக்கா உட்கார்ந்ததுமே, இன்று புருஷனைக் கொல்லப்போவதாக அறிவித்தார். எனக்கு வியர்த்துவிட்டது. பயிற்சியில் சொல்லித்தந்தபடி, எப்போது, எப்படி என்று மெல்லக் கேட்டேன். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னா மேடம் அவசரம்? மொதல்ல துன்னட்டும், வஞ்சிரம் கொழம்பு வச்சிக்கீறேன்."

கேரம் ஜோடி

செல்வம் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுபவர். மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே தடுத்து வைத்திருப்பது மனைவியின் அண்ணன் டேனியல்தான் என்பது இவர் எண்ணம். வாராவாரம் வந்து வாயாலேயே டேனியலின் மண்டையைப் பிளப்பார். நானும் வாராவாரம் பயந்தேன். டேனியலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"நேத்துதான் மேடம். கேரம் ஆட ஜோடி இல்லன்னு கூப்ட்டான். பாவமா இருந்துச்சு, போனேன்."

ஸ்ட்ரைக்கர்

ஒரு செவ்வாய்க்கிழமை வந்த செல்வம் திட்டவே இல்லை. சட்டைப்பையிலிருந்து தன் கேரம் ஸ்ட்ரைக்கரை எடுத்து என் மேசையில் வைத்தார். இனி இது வேண்டாம் என்றார். என்ன செய்யப்போகிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். நேராகவே சொன்னார்: டேனியல் காலையில் பைக்கில் வேலைக்குப் போகும் வழி தெரியும், நாளைக்கு லாரியோடு அங்கே நிற்பேன். தூங்கிப் பல நாள் ஆகிவிட்டதாம். குரலில் கோபமே இல்லை. அதனால்தான் நிஜம் என்று நம்பினேன்.

எங்கள் மனநல டாக்டரை அழைத்தேன். டேனியலிடம் சொல்லப்போகிறேன் என்பதையும் செல்வத்திடம் மறைக்கவில்லை. லாரிச் சாவியை டாக்டரிடம் கொடுத்துவிட்டுச் செல்வம் என்னைப் பார்த்த பார்வை இன்றும் வலிக்கிறது.

"உன்ன நம்பித்தானே மேடம் சொன்னேன்."

போன்

டேனியல் சிரித்தார். செல்வமா, அவன் தினமும்தானே என்னைக் கொல்கிறான் என்றார். இந்த ஊரில் ஒரு மனிதரைப் பயமுறுத்துவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா! ஸ்ட்ரைக்கர் என் மேசையில் இருப்பதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. நாளைக்கு அந்த வழியாகப் போகாதீர்கள், இந்தப் பக்கமும் வராதீர்கள் என்றேன். காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"ஸ்ட்ரைக்கர வச்சிட்டானா? அய்யோ, அவன் தனியாவா கீறான்? தோ, வந்துகினே கீறேன்."

திரும்பி வந்தவர்

செல்வம் சில வாரங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மருந்தும் தூக்கமும் வேலை செய்தன. மனைவி வந்து பார்த்தார். டாக்டர் சரி என்று சொல்லும்வரை டேனியலை வாசலிலேயே மடக்கி வைப்பதுதான் பெரும்பாடு. என்னிடம் செல்வம் இனி வாயே திறக்க மாட்டார் என்று நினைத்தேன். ஆனால் வந்தார். என் மேசையிலிருந்த ஸ்ட்ரைக்கரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்த டேனியலு ஆட்டத்துல ஏமாத்துறான் மேடம். அவன கொல்லாம வுட மாட்டேன். போ, இத்தையும் போன் போட்டு அவனாண்ட சொல்லு."

சொல்லவில்லை, ஆனால் ஒரு கொலை மிரட்டலைக் கேட்டுக் கண் கலங்கிச் சந்தோஷப்பட்ட ஆலோசகர் இந்தத் தொழிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.