சாம்பல் புதனுக்கு முன் பாடிய பாட்டு

பேனாட் அண்ணை பயந்த மனிதர். உறைபனி நடைபாதைக்குப் பயம், குடிவரவுத் திணைக்களத்துக் கடித உறைக்குப் பயம், மெட்ரோவில் பரிசோதகரைக் கண்டால் கையில் மாதச்சீட்டு இருந்தும் பயம். ஜான்-டலோன் சந்தையில் ஒரு இத்தாலியரின் மரக்கறிக் கடையில் நாங்கள் இருவரும் ஏழு வருடம் ஒன்றாகப் பெட்டி இறக்கினோம். அத்தனை வருடமும் நான் அவரைக் கேலி செய்தே பொழுது போக்கினேன். அவற்றில் ஒரு கேலியை இன்றுவரை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அவர் பேசாலைக்காரர், கத்தோலிக்கர். பெரிய வெள்ளியன்று இங்குள்ள எங்கள் சனத்தின் கோயிலில், இயேசுவின் உருவத்தை ஆசந்தி என்னும் பாடையில் வைத்துத் தூக்கிவரும்போது, மாதாவின் ஒப்பாரியைப் பாடுவது அவர்தான். நான் சைவக்காரன். ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு, சப்பாத்துக் கட்டுகிற சாட்டில் குனிந்து கண்ணைத் துடைத்தேன். ஆனால் அந்த ஒப்பாரியைச் சாம்பல் புதனோடு தொடங்கும் தவக்காலத்தில் பாடலாம், சாவீட்டில் பாடலாம், வேறெப்போதும் பாடக்கூடாது. பாடினால் அது தனக்கொரு சாவைத் தேடிப் போகுமாம். அண்ணை இதை அப்படியே நம்பினார்.

2008 இலையுதிர்காலத்தில் முதலாளி மாரடைப்பில் போய்விட்டார். கடையை மகள் லூச்சியா ஏற்றாள். காலையில் கத்தரிக்காய் விற்பாள், பிற்பகலில் பக்கத்துத் தெரு நிலவறை ஒன்றில் தன் இசைத்தட்டுக்குப் பாட்டு ஒலிப்பதிவு செய்வாள். எல்லாம் அவளே இத்தாலிய மொழியில் எழுதியவை. வானொலியில் வரும் வழுவழுப்பான ரொக் இல்லை அது. மின்கிட்டார் காதை அடைக்கும், திடீரென்று நிற்கும், பிறகு அவளுடைய மூச்சு மட்டும் கேட்கும். ஒன்பதாவது பாட்டு தகப்பனுக்கு. அதில் யாராவது அழவேண்டும், தன் குரல் அழமாட்டேன் என்கிறது என்று ஒருநாள் எங்களிடம் சொன்னாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் கொழுத்துப்போய் அண்ணையைக் கைகாட்டினேன். அவர் பதறிப்போய் மறுத்தார்.

"சாம்பல் புதனுக்கு இன்னும் ரெண்டு கிழமைதானே அண்ணை? கடவுள் என்ன கலண்டரோடயே நிக்கிறார்?" என்றேன்.

அவர் மனைவி அக்னெஸ் அப்போது வன்னியில், சண்டைக்கு நடுவில். அவரை இங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் விண்ணப்பத்துக்கு வேலைக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் அந்த முதலாளிதான். அந்த நன்றிக்காகவோ, என் கேலிக்கு வெட்கப்பட்டோ, 2009 பெப்ரவரி பதினொன்று, புதன்கிழமை பிற்பகல், அண்ணை நிலவறைக்குள் இறங்கினார். ஒரே மூச்சில் பாடி முடித்தார். லூச்சியா சுவரோடு ஒட்டி நின்று அழுதாள். அண்ணை வெளியே வந்ததும் பனியை அள்ளி வாயைக் கழுவினார்.

அன்றிலிருந்து பிடித்தது பயம். அக்னெஸ் அடம்பனிலிருந்து இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, ஜனவரியில் தர்மபுரத்திலிருந்து ஒருமுறை கதைத்தவர். பிறகு சத்தமில்லை. ஒவ்வொரு நாளும் தமிழ் வானொலி செல் குண்டு விழுந்த இடங்களைச் சொன்னது. அண்ணையின் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தால் கையிலிருக்கும் பெட்டி கீழே விழும். "நீ எடு ஞானம், நீ எடு" என்று என்னிடம் நீட்டுவார். அனேகமாக அது ஏதாவது விளம்பர அழைப்பாக இருக்கும். சாமி, சகுனம் எதையும் நம்பாத நானும், அந்தப் பாட்டு கடலைத் தாண்டிப் போய் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பெண்ணைத் தேடுகிறது என்று நினைத்து நினைத்துப் பயந்தேன்.

தவக்காலத்தின் மூன்றாம் கிழமை அண்ணை லூச்சியாவிடம் போய், தன் குரலை எடுத்துவிடச் சொன்னார். அவருடைய அரைகுறைப் பிரெஞ்சை நான் முடித்துவைத்தேன். அவள் குடைமிளகாய்ப் பெட்டியொன்றைத் தூக்கி நிலத்தில் அடித்தாள். அது என் அப்பாவின் பாட்டு என்று கத்தினாள். மறுநாள் அவர் குரல் பதிவான தட்டைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். இருப்பது இது ஒன்றுதான், என்ன வேண்டுமென்றாலும் செய்துகொள் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவருக்கு அதை உடைக்கவும் பயம். சட்டைத்துணியில் சுற்றி, அந்தோனியார் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

மே மாதம் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். ஜூன் நடுப்பகுதியில், நாங்கள் ஸ்ட்ரோபெரி அடுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அதிர்ந்தது. வழக்கம்போல் என்னிடம் நீட்டினார். வவுனியா முகாமிலிருந்து இமெல்டா என்ற பெண், வன்னியில் அக்னெஸோடு ஒரே கூடாரத்தில் இருந்தவர். அவர் சொன்னதை நான் கேட்டேன். கேட்டுவிட்டு அண்ணையின் முகத்தைப் பார்க்காமல் ஸ்ட்ரோபெரியைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது.

"எண்டைக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"பெப்ரவரி எட்டு. ஞாயிற்றுக்கிழமை."

அவர் விரல்களை மடித்துப் பார்த்தார். ஞாயிறு, திங்கள், செவ்வாய், அவர் பாடிய புதன். என் கேலி அக்னெஸைக் கொல்லவில்லை என்றுதான் முதலில் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும்.

அண்ணை தொலைபேசியை வாங்கி, இமெல்டாவிடம் மெதுவாகக் கேட்டார். "தங்கச்சி, அடக்கம் செய்யேக்குள்ள ஆரும் ஒப்பாரி சொன்னவையோ?"

செல் விழுந்துகொண்டே இருந்ததாம். பங்கருக்குப் பக்கத்திலேயே மூடிவிட்டு ஓடினார்களாம். அழ நேரமிருக்கவில்லையாம்.

மறுநாள் காலை, கடை திறக்கும் நேரத்தில், அண்ணை அந்தத் தட்டைக் கொண்டுவந்தார். சட்டைத்துணி இன்னும் சுற்றியபடி இருந்தது. லூச்சியா அதை வாங்கத் தயங்கினாள். அவர் தமிழிலேயே கதைத்தார், நான்தான் மொழிபெயர்த்தேன்.

"போடு பிள்ளை. நான் சாவீட்டிலதான் பாடியிருக்கிறன்."

செப்டெம்பரில் இசைத்தட்டு வெளிவந்தது. ஒன்பதாவது பாட்டில் கிட்டார்கள் நின்றபிறகு அண்ணையின் குரல் வருகிறது. அது முடியும்வரை அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழும்பி நிற்பார். சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தால் இப்போது அவரே எடுத்துக் கதைக்கிறார்.