வான்கோழிக் கத்தியும் பின்னிருக்கையும்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ஹால்டன் என்கிற சின்ன ஊரில், வெர்லின் ஸ்காரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் சிரிக்காதவர் கிடையாது. கையில் குளிர்காற்று அடிக்காமலிருக்கப் பிளாஸ்டிக் பால் கேனை இரண்டாக வெட்டி ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தார். ஈரப்புல்லில் சைடு ஸ்டாண்டு புதையாமலிருக்க அதன் அடியில் வைப்பது, பனி ஹாக்கி ஆடுகிற ரப்பர் வட்டு. குனிந்து எடுக்கச் சோம்பல். கயிறு கட்டி, உட்கார்ந்தபடியே இழுத்துக்கொள்வார். தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறவர், கைச்செலவுக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் கடையில் போய்ப் புதிதாக ஒன்று வாங்கச் சொன்னால் மனிதருக்கு உயிரே போய்விடும்.

பின்னிருக்கை அவர் மனைவி ஆர்டிஸுடையது. முப்பத்தேழு வருஷமாக வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. எதிரே இன்னொரு மோட்டார் சைக்கிள் வந்தால் இடது கையைத் தாழ்த்தி இரண்டு விரல் காட்டுவது அங்கே மரியாதை. வெர்லினின் இடது கை கிளட்சை விட்டு வராது. அதனால் அந்த மரியாதை முழுக்க ஆர்டிஸின் பொறுப்பு.

போன அக்டோபரில் ஆர்டிஸுக்கு ஆபரேஷன் செய்து இடுப்பு மூட்டை மாற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டார்: "இனிமே நீ தனியாப் போய்க்க வெர்லின். அவ்ளோ உயரத்துக்குக் காலைத் தூக்கிப் போட என்னால ஆகாது."

"சரி" என்றார் வெர்லின். அந்த ஊர் ஆண்கள் அதற்கு மேல் பேச மாட்டார்கள்.

ஏப்ரலில் பனி உருகியதும் தனியாகக் கிளம்பினார். நாலு மைல் போவதற்குள் எதிரே வந்த ஒருவன் இரண்டு விரல் காட்டினான். வெர்லின் பதில் காட்டாமலே கடந்துவிட்டார். பின்னால் ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கேயே வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்துவிட்டார்.

மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குப் பின்புறம் எல்லா வண்டிகளுக்கும் பாதிரியார் தண்ணீர் தெளித்து ஆசீர்வதிப்பார். அதற்குள் ஆர்டிஸை ஏற்றிவிட வேண்டும். ஏற முடியவில்லையா, இருக்கையைத் தாழ்த்தினால் போச்சு!

"யோவ், என் வான்கோழி வெட்டற கரண்ட் கத்தி எங்கய்யா?" சமையலறையிலிருந்து ஆர்டிஸ் கத்தினார்.

"ஷெட்டுல வேலையா இருக்குது."

"என்ன வேலை? அங்க வான்கோழியா மேயுது?"

இருக்கை உறையைப் பிரித்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சை அந்தக் கத்தியால் கேக் மாதிரி மூன்று அங்குலம் சீவி எடுத்திருந்தார் வெர்லின். மறுபடி உறை போட்டு, ஆர்டிஸைக் கூட்டி வந்து காட்டினார். ஆர்டிஸ் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக ஏறினார். ஏறி என்ன பிரயோஜனம்? இருக்கை பள்ளமாகிவிட்டதால் முட்டி இரண்டும் நெஞ்சுக்கு வந்து நின்றன.

"ஐயோ, இறக்கு! முட்டி இடுப்புக்கு மேல வரவே கூடாதுன்னு டாக்டர் சொன்னப்ப நீயும் பக்கத்துலதானே இருந்த?"

இருந்தார்தான். காது கொடுத்திருந்தால்தானே! மெல்ல இறக்கிவிட்டு, ஸ்பாஞ்சுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். கண் கலங்கிவிட்டது.

"வித்துடறேன்" என்றார். "நீ இல்லாம எனக்கு எதுக்கு இந்த வண்டி?"

முப்பத்தேழு வருஷத்தில் அவர் இப்படி வாய்விட்டுச் சொன்னது ஆர்டிஸுக்கு நினைவில்லை.

"அட மண்டு, ஏறத்தான் முடியலன்னேன். உக்கார முடியலன்னா சொன்னேன்? ஒரு வார்த்தை என்னைக் கேக்க மாட்டியா?"

நொண்டிக்கொண்டே உள்ளே போனார். அலமாரி எட்டுவதற்குப் போட்டுக்கொள்கிற பிளாஸ்டிக் மடக்குப் படியோடு திரும்பி வந்தார்.

"ஸ்பாஞ்சைத் திரும்ப ஒட்டு. கால் வைக்கிற கம்பிய ரெண்டு அங்குலம் கீழ இறக்கு. இந்தப் படிமேல நின்னு நான் ஏறிக்கறேன்."

"ஏறினப்புறம் படி கீழயே கிடக்குமே?"

"உன் ரப்பர் வட்டுக்குத் தெரிஞ்ச வித்தை என் படிக்குத் தெரியாதா? கயித்தைக் கட்டு!"

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் புல்வெளியில் ஊரே வேடிக்கை பார்த்தது. பாதிரியார் தண்ணீர் தெளித்து முடித்ததும் வெர்லின் முன்னால் ஏறி வண்டியை நிமிர்த்திப் பிடித்தார். ஆர்டிஸ் படியில் நின்று காலைப் போட்டு உட்கார்ந்தார். பிறகு வெர்லின் தன் கயிற்றை இழுத்தார், ஆர்டிஸ் தன் கயிற்றை இழுத்தார்.

"நங்கூரம் தூக்கியாச்சா?" என்று யாரோ கத்தினார்கள்.

"தூக்கியாச்சு, வழிய விடு!" என்றார் ஆர்டிஸ்.

சோளக்காட்டுச் சாலையில் எதிரே ஒரு வண்டி வந்தது. வெர்லின் கண்ணாடியில் பார்த்தார். ஆர்டிஸின் இடது கை அதற்குள் தாழ்ந்திருந்தது, இரண்டு விரலோடு.

"யாரு அது, தெரிஞ்சவனா?" என்று கேட்டார்.

"யாரா இருந்தா என்ன? நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."