சூட்டு நாட்டுப் பெட்டி

அம்மா ஒரு பொருளை வாங்குவதென்று தீர்மானித்துவிட்டால் கடைக்காரருக்குக் கெட்டகாலம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தக்காளிக்கே அப்படி. அந்த வருடம் அவர் வாங்கப் புறப்பட்டதோ கரவனுக்கு ஒரு பிறிட்ஜ்.

கரவன் என்றால் சக்கரம் பூட்டிய சின்ன வீடு, பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அப்பா கெபெக்கில், டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் வேலையில் இருந்தார். கூட வேலை செய்த ஒருவர் ஓய்வு பெற்றுப் போகும்போது தன் பழைய கரவனை அப்பாவின் தலையில் கட்டிவிட்டார். எங்கள் வான் வண்டிக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு ஆடி மாதத்தில் ஒன்ராறியோவில் உள்ள மாதா கோவிலுக்குப் போவோம். தமிழ்ச் சனம் எல்லாம் அங்கே கூடும். முதல் வருடம் பாதி வழியிலேயே தேத்தண்ணிப் பால் திரைந்துபோனது. கரவனோடு வந்த பிறிட்ஜ் காஸில் ஓடுகிற சாமான். வெளியே குளிர்ந்தால் அதுவும் குளிரும், வெளியே வேர்த்தால் அதுவும் வேர்க்கும்.

அப்பாவுக்கு அது சிரித்துச் சொல்லுகிற கதை. அம்மா சிரிக்கவில்லை, ஏனென்றால் அவரிடம் ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. அம்மாவின் தம்பி, எனக்கு மாமா, வன்னியில் இருந்தார். சண்டை திரும்பத் தொடங்கியதிலிருந்து அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தம்பியின் குரலைக் கேட்டால் மாதா கோவிலில் நூறு பிள்ளைகளுக்குப் பால் சர்பத் கொடுப்பதாக அம்மா நேர்ந்திருந்தார். மாமா சின்னவராக இருந்தபோது ஒரு திருநாள் கூட்டத்தில் வெயிலுக்கு மயங்கி விழுந்தாராம். முன்பின் தெரியாத ஒரு மனுசி சர்பத் பருக்கி எழுப்பினாராம். அதனால்தான் சர்பத், அதுவும் பிள்ளைகளுக்கு.

வைகாசியில் ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்துக் கழற்றும்போது அம்மா குசினியிலிருந்து, “இந்த முறை சர்பத் குடுக்கிறம்” என்றார். எனக்கு ஒன்பது வயது. விஷயம் வெளிச்சமாகத்தான் இருந்தது. சர்பத் கொடுக்கிறோம் என்றால் மாமா அங்கிருந்து போன் எடுத்துவிட்டார். நான் இல்லாத நேரம் பார்த்து எடுத்திருக்கிறார். என்னோடு ஒரு சொல் கதைக்காமல் வைத்துவிட்டாரே என்று எனக்கு அவரில் கோபம்கூட வந்தது.

பிறகு மூன்று சனிக்கிழமைகள் கடை கடையாக அலைந்தோம். அம்மாவின் கைப்பையில் ஒரு வெப்பமானி இருந்தது. அவருக்குப் பிரெஞ்சு வராது, அவருடைய வாய் நான். முதல் கடையில் ஒரு பெடியன் பளபளவென்ற காஸ் பிறிட்ஜ் ஒன்றைத் தடவித் தடவிக் காட்டினான். சத்தமே வராது, கதவு இரண்டு பக்கமும் திறக்கும் என்றான்.

“வெளியிலை முப்பத்தஞ்சு பாகை எண்டால் உள்ளுக்கு எவ்வளவு நிக்கும் எண்டு கேள்” என்றார் அம்மா.

கேட்டேன். அவன் சிரித்தான். மடாம், இது கெபெக், அப்படிச் சூடு எத்தனை நாளைக்கு இருக்கப் போகிறது என்றான்.

“ஆடியிலை வில்லரேக்கு வந்து எங்கட மூண்டாம் மாடியிலை ஒரு நாள் படுத்துப் பார்க்கச் சொல்லு.”

அம்மா நன்றி சொல்கிறார், மெர்சி என்று மொழிபெயர்த்தேன். மெர்சி எது, மெர்சி இல்லாதது எது என்று அம்மாவுக்கும் தெரியும். வானில் ஏறியதும் என் காதைத் திருகினார். அடுத்த சனிக்கிழமை போன கடையிலும் அதே கேள்வி, அதே சிரிப்பு. அப்பா, “இஞ்சேர், ஐஸ் பெட்டி ஒண்டோட சமாளிப்பம்” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

மூன்றாவது இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கரவன் திருத்துகிற ஒரு கிழவரின் கொட்டகை. அவர் சிரிக்கவில்லை. காஸில் ஓடுவது வெளிச் சூட்டிலிருந்து ஓரளவுதான் கீழே இறங்கும், உங்களுக்கு வீட்டுப் பிறிட்ஜ் போலக் கொம்பிரசர் உள்ளது வேண்டும், அதற்கு இன்னொரு பற்றறி போட வேண்டும் என்றார். பிறகு ஒரு பெட்டியைத் திறந்து உள்ளே ஒட்டியிருந்த தாளில் ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டினார். வெப்ப நாடுகளுக்கென்று செய்தது என்பதற்கு அடையாளமாம். நான் சொன்னதும் அம்மா அந்த எழுத்தைத் தானும் ஒரு முறை தொட்டுப் பார்த்தார்.

“அப்ப இது எங்கட நாட்டுப் பெட்டி” என்றார். காஸ் பிறிட்ஜை விடச் சின்னது, இரைச்சலும் போடும். அம்மாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை.

பின்னால் ஓர் உள்ளங்கை அகலம் இடம் விடுங்கள், சூடு வெளியேற வேண்டும் என்று கிழவர் இரண்டு தரம் சொன்னார். அப்பா தன் உள்ளங்கையையே வைத்து அளந்து பூட்டினார். அம்மா கரவனை வெயிலில் நிறுத்துவித்து, யன்னல்களை இறுக்கச் சாத்தி, தண்ணீர்ப் போத்தல்களை உள்ளே வைத்து இரண்டு நாள் சோதித்தார். வெப்பமானி நாலில் நின்றது. அதன் பிறகுதான் அப்பா நிம்மதியாகச் சாப்பிட்டார்.

புறப்படுகிற காலை அம்மா காய்ச்சி ஆற்றிய பாலைப் போத்தல் போத்தலாக அடுக்கினார். அவசரத்தில் ஒரு கட்டுக் கடைப் பைகளை என்னிடம் தந்து, “பிள்ளை, இதுகளைக் கரவனிலை வைக்கிற இடத்திலை வை” என்றார். எங்கள் வீட்டில் கடைப் பைகளுக்கு ஒரே இடம்தான். பிறிட்ஜுக்கும் சுவருக்கும் இடையில். எனக்குத் தெரிந்த எல்லாத் தமிழ் வீடுகளிலும் அப்படித்தான். கரவனில் பார்த்தால் அப்பா அளந்து இடம் விட்டு வைத்திருக்கிறார். ஒரு பையும் மிச்சமில்லாமல் அதற்குள் அடைத்தேன்.

கிங்ஸ்ரன் தாண்டி ஒரு தரிப்பிடத்தில் இறங்கினோம். தார் கொதித்தது. அம்மா பிறிட்ஜைத் திறந்து வெப்பமானியை எடுத்தார். பதினைந்து. பெட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, பக்கமெல்லாம் கொதித்தது. அம்மா கரவன் படியில் அப்படியே குந்திவிட்டார். அப்படி அவர் இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்பா வயர்களைத் தொட்டுப் பார்த்தார், பற்றறியைப் பார்த்தார். பிறகு பின்னால் கையை விட்டு ஒரு பையை இழுத்தார். இன்னொன்று வந்தது. வந்துகொண்டே இருந்தது.

“ஆர் இதுக்குள்ளை இதுகளை அடைஞ்சது?”

அம்மா தலையை நிமிர்த்தாமலே, “வீட்டிலை எங்கை வைக்கிறனாங்கள்? அவள் அங்கைதானே வைச்சிருக்கிறாள்” என்றார்.

பிறகு எழுந்து, சின்னச் சட்டியில் கொஞ்சப் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தார். பழுதாயிருந்தால் கொதிக்கும்போது திரையும். மூவரும் சட்டியைச் சுற்றி நின்றோம். அம்மாவின் உதடுகள் அசைந்தன. பால் நுரைத்துப் பொங்கி எழுந்தது, திரையவில்லை. அப்பா சிரிக்கத் தொடங்கினார், எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன் பிறகு அம்மா வழியெல்லாம் நிறுத்தச் சொல்லி வெப்பமானியைப் பார்த்தார். பதினொன்று, ஏழு. கோவில் வளவுக்குள் நுழையும்போது நாலு.

அடுத்த நாள் பூசை முடிந்ததும் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பாலில் ரோஸ் பாணியும் கசகசாவும் கலந்து அம்மா ஒவ்வொரு கோப்பையையும் தன் கையாலேயே கொடுத்தார். உதவ வந்த பெண்களைக் கிட்ட விடவில்லை. கோப்பையின் வெளிப்புறம் வேர்த்து வழிந்தது. கடைசிக் கோப்பை எனக்கு. அப்படி ஒரு குளிர்ச்சியை நான் பிறகு எங்கும் குடித்ததில்லை.

அம்மாவைத் தெரிந்த ஒரு மாமி என்னிடம், “நேர்த்தியோ? மாமா கதைச்சவரே?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன் பெருமையாக.

மாமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மாதா கைவிடமாட்டா என்றார். அம்மா என்னை ஒரு கணம் பார்த்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெறும் போத்தல்களைக் கழுவப் போனார்.

மாமா போன் எடுக்கவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. கேட்டது கிடைத்த பிறகுதான் நேர்த்தி செலுத்துவார்கள். அம்மா முதலில் செலுத்திவிட்டு, இனி உன் பாடு என்று மாதாவின் முன் நின்றிருக்கிறார். இது விளங்க எனக்கு எத்தனையோ வருடங்கள் எடுத்தன. கிடைத்தவர்கள் ஒரு தரம் செலுத்திவிட்டு நிறுத்திவிடுவார்கள். எங்கள் கரவன் மட்டும் ஒவ்வொரு ஆடியும் பாலோடு போனது. ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. பைகளை மட்டும் கவனமாக வேறு இடத்தில் வைத்தேன்.