சம்பளத்துக்கு ஆடியவர்

நிக்கலஸ் அண்ணை மன்னாரிலிருந்து இங்கிலாந்துக்குப் போய், மூன்று வருடம் சம்பளத்துக்கு ரக்பி லீக் விளையாடியவர். முழங்கால் பழுதாகிக் கழகம் கைவிட்டதும், 1985இல் டென்மார்க்குக்கு வந்து ஒடென்சேயில் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்தார். பட்டப்படிப்பு முடித்து வந்த நானும் அவரும் ஒரே அறையில் இருந்தோம்.

இங்கே விளையாடியது பதினைந்து பேர் சம்பளமில்லாமல் ஆடும் ரக்பி யூனியன். பதின்மூன்று பேர் ஆடும் லீக்கில் காசு வாங்கியவருக்கு யூனியனில் ஆயுள் தடை. அண்ணை பழைய தொழிலைச் சொல்லாமல் உள்ளூர்க் கழகமொன்றில் சேர்ந்தார். வாரம் முழுவதும் பேசாமல் இருப்பவர், ஞாயிறு காலையில் சப்பாத்தைத் துடைக்கும்போது மட்டும் பாடுவார்.

ஒரு போட்டியில் அவரைப் பிடித்து விழுத்தினார்கள். யூனியனில் விழுந்தவர் உடனே பந்தை விட்டுவிட வேண்டும். அவரோ பந்தோடு எழுந்து, அதை நிலத்தில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்டினார். அது லீக் ஆட்டக்காரரின் பழக்கம். நடுவர் ஓர் ஆங்கிலேயர். ஊதலை ஊதிவிட்டு, எந்தக் கழகத்தில் விளையாடினாய் என்று கேட்டார்.

அண்ணை கழகத்தின் பெயரையும் சொன்னார், சம்பளம் வாங்கியதையும் சொன்னார். அவரை வெளியே அனுப்பினார்கள்.

ஆட்டம் பார்க்கப் போயிருந்த நான் அவர் பின்னால் உடுப்பு மாற்றும் அறைக்குப் போனேன். எனக்கு அழுகை வந்தது.

"மூக்கைத் துடையடா, பட்டதாரி."

"இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே அண்ணை? இவ்வளவு நாளும் ஒளிச்சனீங்கள்தானே?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டாப் பிறகு எப்பிடி இல்லையெண்டுறது? களவோ அது? நான் செய்த வேலையடா."

அவருடைய இடத்தில் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே இரண்டாம் பாதிக்கு ஊதல் கேட்டது. அண்ணை சேறு படிந்த சட்டையைக் கழற்றி வாங்குப் பலகையில் வைத்தார். அதன் பிறகு அவரை எந்த அணியிலும் சேர்க்கவில்லை.